கல்லீரல் ஷண்ட்: ஸ்டென்ட்டின் நுனி எங்கே முடிகிறது என்பது ஏன் முக்கியம்?

கல்லீரலுக்குள் ஸ்டென்ட் (ரத்தம் போகும் வழியைத் திறந்துவைக்கும் உலோக வலைக்குழாய்) வைத்துக்கொண்டவர்களின் குடும்பங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. ஸ்கேன் அறிக்கை "ஸ்டென்ட் திறந்திருக்கிறது" என்கிறது. வயிற்றிலோ மறுபடி நீர் கோக்கிறது. இன்னொருவருக்கு ஸ்டென்ட்டில் ரத்தம் தங்குதடையின்றி ஓடுகிறது; ஆனால் ஆள் பகலில் தூங்கி, இரவில் விழித்து, தேதி கேட்டால் தடுமாறுகிறார். ஒருவருக்குப் பல ஆண்டுகள் உழைக்கும் அதே கருவி வேறொருவருக்கு 6 மாதத்தில் குறுகிவிடுகிறது.

இதய ஸ்டென்ட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ளப் பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. இதயத்தில் ஸ்டென்ட் செய்வது, ஏற்கெனவே இருக்கும் ரத்தக்குழாயில் அடைப்பை விலக்குவது. கல்லீரலில் அப்படி இல்லை. இயற்கை வைக்காத ஒரு வழியைக் கல்லீரல் சதையைத் துளைத்து உண்டாக்குகிறார்கள்; அந்த வழிக்கு ஸ்டென்ட்தான் சுவர். உடலின் பார்வையில் அது ஒரு காயம். காயத்தை மூடுவது உடலின் வேலை. அந்த வேலைக்கு எங்கெல்லாம் இடம் கிடைக்கும் என்பதை ஸ்டென்ட்டின் வகை, அகலம், இரு நுனிகளும் நிற்கும் இடம் ஆகியவை தீர்மானிக்கின்றன.

முதலில் அடிப்படை: கல்லீரலுக்கு இரண்டு வரத்து

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று கல்லீரல் தமனி. மற்றொன்று போர்ட்டல் சிரை; குடல், மண்ணீரல் பகுதிகளின் ரத்தத்தைத் திரட்டிக் கொண்டுவருவது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருகிறது. இரண்டும் கல்லீரலுக்குள் கலந்து, வடிகட்டப்பட்டு, கல்லீரல் சிரைகள் வழியாக வெளியேறி, கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ந்து இதயத்துக்குப் போகின்றன.

சிரோசிஸ் வந்த கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. ரத்தம் ஊடுருவிப் போக வழியில்லாமல் போர்ட்டல் சிரையில் தேங்குகிறது. அழுத்தம் ஏறுகிறது. இங்கே கணக்கில் எடுப்பது வெறும் அழுத்தத்தை அல்ல, கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாட்டை. அதன் அளவுகள்:

1. 1 முதல் 5 மி.மீ. பாதரசம் வரை இயல்பு.
2. 10-ஐத் தொட்டால் சிக்கல்கள் தலைகாட்டத் தொடங்கும்.
3. 12-ஐத் தாண்டினால் உணவுக்குழாயில் புடைத்து நிற்கும் சிரைகள் வெடித்து ரத்த வாந்தி வரும் அபாயம் உண்டு.

இந்த 12 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷண்ட் வேலை செய்கிறதா என்ற கேள்வி கடைசியில் இந்த எண்ணிடம்தான் வந்து நிற்கும்.

ஷண்ட் என்பது என்ன?

ஷண்ட் என்றால் மாற்றுவழி. போர்ட்டல் சிரையில் தேங்கும் ரத்தத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் திசுவுக்குள் விடாமல் நேரே இதயத்துக்குப் போகும் சிரைக்குத் திருப்பிவிடுவது. நிரம்பி வழியும் ஏரிக்குக் கலிங்கு வைப்பது போல.

யோசனை புதிதல்ல. ரஷ்யாவின் நிக்கோலாய் எக் 1877-இல் நாய்களில் போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையுடன் தைத்து இணைத்தார். 1893-இல் பாவ்லோவின் குழு அப்படி இணைக்கப்பட்ட நாய்களுக்கு இறைச்சி கொடுத்தால் அவை நிலைகுலைந்து போவதைப் பதிவுசெய்தது. குடலிலிருந்து வரும் அம்மோனியா போன்ற கழிவுகள் கல்லீரலின் வடிகட்டலைத் தாண்டி நேரே மூளைக்குப் போனதன் விளைவு அது. ஷண்ட்டின் பலனும் அதற்குக் கொடுக்கும் விலையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டன என்று சொல்லலாம்.

வயிற்றைத் திறக்காமல் இதைச் செய்யலாம் என்ற எண்ணம் ஒரு தவறிலிருந்து பிறந்தது. கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்திப் பித்தக்குழாய்களைப் படம் எடுக்க முயன்றபோது, கதிரியக்க மருத்துவர் ஜோசஃப் ரோஷ் தற்செயலாகப் போர்ட்டல் சிரைக்குள் நுழைந்துவிட்டார். அதையே ஒரு சிகிச்சை வழியாக்கலாம் என்று 1969-இல் விலங்குச் சோதனையுடன் எழுதினார். 1982-இல் கோலபின்டோ என்ற மருத்துவர் மனிதர்களில் முயன்றார்: கல்லீரலில் துளையிட்டு, பலூனை விரித்து, 12 மணி நேரம் அப்படியே விட்டுவைத்தார். பலூனை எடுத்தபின் வழி நிலைக்கவில்லை. தாங்கிப் பிடிக்க ஏதுமில்லாத துளையைக் கல்லீரல் மூடிக்கொண்டது. உலோக ஸ்டென்ட் வந்தபிறகே, 1988 ஜனவரியில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில், இந்தச் சிகிச்சை மனிதரிடம் முழு வடிவம் பெற்றது.

இன்று இதன் பெயர் 'டிப்ஸ்' (TIPS). ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன. ஆலோசனைக் குறிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு நிலைகளில் இது பெரிதும் பயன்படுகிறது: சிரை வெடிப்பால் வரும் ரத்தக்கசிவு, மருந்துக்கு அடங்காத மகோதரம், அதாவது வயிற்றில் நீர் கோப்பது.

வெற்று ஸ்டென்ட் காலம்: எப்படி அடைத்தது?

முதல் 15 ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் வைத்தது உலோக வலை மட்டுமே கொண்ட ஸ்டென்ட். வைத்த அன்று அழுத்தம் அழகாக இறங்கும். ஓராண்டு, ஈராண்டுக்குள் பலருக்கு வழி குறுகிவிடும். நோயாளிகள் மீண்டும் மீண்டும் வந்து பலூன் விரித்துக்கொண்டு போனார்கள். குறுகலுக்கு நான்கு காரணங்கள் இருந்தன:

1. உடனடி ரத்த உறைவு. முதல் சில நாட்களிலோ வாரங்களிலோ நேர்வது. துளையிடும்போது அருகிலுள்ள பித்தக்குழாய் கிழிந்து, பித்தநீர் வலைக்கண்கள் வழியாக ரத்த ஓட்டத்தில் கசிவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

2. நடுப்பகுதியில் திசு வளர்ச்சி. கல்லீரல் சதைக்குள் செல்லும் பகுதியில் வலைக்கண்கள் வழியாகத் திசு உள்ளே முளைத்து வந்து சுவரைத் தடிப்பாக்கும். அடைத்துப்போன ஷண்ட்டுகளை வெட்டிப் பார்த்தபோது, மோசமாகக் குறுகிய இடங்களுக்குப் பக்கத்தில் பித்தக்குழாய்க் கசிவு இருந்தது தெரியவந்தது. பித்தநீர் உறைவையும் தூண்டுகிறது, திசு வளர்ச்சியையும் தூண்டுகிறது.

3. வெளியேறும் முனையில் குறுக்கம். ஸ்டென்ட் முடிந்து கல்லீரல் சிரை தொடங்கும் இடத்தில் சிரையின் உட்சுவர் தடித்துப்போவது.

4. ஸ்டென்ட் நகர்வதும் சுருங்குவதும். அக்காலத்தில் பரவலாக இருந்த வால்ஸ்டென்ட் பின்னல் அமைப்பு கொண்டது. அகலம் விரிய விரிய நீளம் குறையும். வைத்தபோது சரியாக எட்டிய நுனி, முழுதாக விரிந்தபின் எட்டாமல் போகும்.

உறையிட்ட ஸ்டென்ட்: நடுப்பகுதியின் பிரச்சினை தீர்ந்தது

முதல் இரண்டு காரணங்களுக்கும் ஒரே மருந்து: பித்தநீரும் திசுவும் ஊடுருவாத சுவர். டெஃப்லான் குடும்பத்தைச் சேர்ந்த பி.டி.எஃப்.இ. படலத்தால் உறையிட்ட ஸ்டென்ட் அப்படி வந்தது. இதற்கென்றே வடிவமைத்த 'வயாட்டர்' என்ற ஸ்டென்ட்டுக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2004 டிசம்பரில் ஒப்புதல் தந்தது.

அதன் வடிவமைப்பைக் கவனித்தால் சிக்கல் எங்கே இருந்தது என்பது விளங்கும். போர்ட்டல் சிரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி 2 செ.மீ. மட்டும் உறையில்லாத வலை. அங்கே வரும் ரத்தம் வலைக்கண்கள் வழியாகக் கல்லீரல் கிளைகளுக்கும் போக முடியும். மீதி முழுக்க உறை. இரண்டும் சேரும் இடத்தில் எக்ஸ்ரேயில் தெரியும் தங்க வளையம். அந்த வளையம் போர்ட்டல் சிரையின் வாயிலில் சரியாக உட்கார வேண்டும்.

பலன் எவ்வளவு? 80 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட ஓர் ஐரோப்பிய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஷண்ட் செயலிழப்பு உறையிட்ட குழுவில் 13 சதவீதம், வெற்று ஸ்டென்ட் குழுவில் 44 சதவீதம். அதே நோயாளிகளை 2 ஆண்டு தொடர்ந்தபோது, வழி திறந்திருந்தது உறையிட்ட குழுவில் 76 சதவீதம், வெற்று ஸ்டென்ட் குழுவில் 36 சதவீதம். உறை போட்டால் அதிக ரத்தம் பாய்ந்து மூளைக் குழப்பம் கூடுமோ என்ற அச்சம் அப்போது இருந்தது. இந்த ஆய்வில் அப்படி நேரவில்லை.

உறையிட்டும் 2 ஆண்டில் நாலில் ஒருவருக்கு ஏன் குறுகியது? மேலே சொன்ன நான்கில் மூன்றாவது காரணத்தை உறை தானாகத் தீர்த்துவிடாது. நுனி எங்கே நிற்கிறது என்பது செய்பவர் கையில்.

கடைமடை: கல்லீரல் சிரை முனை

கல்லீரல் சிரை இயல்பில் சாதுவான குழாய். குறைந்த அழுத்தம், மெதுவான ஓட்டம், மெல்லிய சுவர். ஷண்ட் திறந்ததும் போர்ட்டல் ரத்தம் அதற்குள் பீய்ச்சி அடிக்கிறது. ஸ்டென்ட் அந்தச் சிரையின் நடுவழியிலேயே முடிந்துவிட்டால் மூன்று காரியங்கள் ஒரே இடத்தில் நடக்கின்றன.

முதலாவது, வேகமும் சுழிப்பும். கடினமான குழாயிலிருந்து மெல்லிய குழாய்க்குள் பாயும் ரத்தம் சுவரை ஓயாமல் உரசுகிறது; சுவர் தற்காப்பாகத் தடிக்கிறது. இரண்டாவது, ஸ்டென்ட்டின் விளிம்பு. இதயம் துடிக்கும்போதும் மூச்சு வாங்கும்போதும் கல்லீரல் அசைகிறது. விறைப்பான உலோக விளிம்பு வளைந்துகொடுக்கும் சிரையை ஒவ்வோர் அசைவிலும் குத்துகிறது. மூன்றாவது, கோணம். தானே விரியும் ஸ்டென்ட்டுக்கு நிமிர்ந்து நேராகும் குணம் உண்டு. கல்லீரல் சிரையோ வளைந்து போய்க் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்கிறது. ஸ்டென்ட் நிமிர நிமிர அதன் வாய் சிரையின் பக்கச்சுவரை நோக்கித் திரும்புகிறது. நுனிக்கு அப்பால் சிரை மடிகிறது. வாய்க்கால் முழுக்கக் கரை கட்டிவிட்டுக் கடைமடையில் மண் சரிய விட்ட கதைதான்.

ஆகவே இன்றைய நடைமுறை இது: உறையிட்ட பகுதி, கல்லீரல் சிரை கீழ்ப்பெருஞ்சிரையில் கலக்கும் இடம் வரை முழுதாகப் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு செ.மீ. சிரை மூடப்படாமல் விடப்பட்டாலும் குறுக்கம் வர அதுவே போதும். சிரையின் நடுவில் முடிந்த ஷண்ட்டுகளைவிட, சந்திப்பு வரை எட்டிய ஷண்ட்டுகள் நெடுநாள் திறந்திருந்ததை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்காகவே, அளவுக்குறிகள் பதித்த கேதீட்டரை (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாயை) உள்ளே வைத்துத் துளையின் நீளத்தை அளந்து, அதைவிட 1 செ.மீ. அளவு கூட்டி ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். நேர்க்கோட்டில் அளந்த நீளம் வளைவில் போதாமல் போகும்.

அப்படியானால் நீளமாகவே வைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. இதயத்தின் வலது மேலறைக்குள் நீண்டுவிட்டால் அங்கே உரசும். பின்னாளில் கல்லீரல் மாற்று அறுவை வந்தால், கவ்வி போட்டு ரத்தத்தை நிறுத்த வேண்டிய இடத்தில் உலோகம் நிற்கும்.

மறுமுனை: போர்ட்டல் சிரை

இந்த முனையில் தவறுகள் குறைவு. ஆனால் இரண்டு கவனிக்கத்தக்கவை. உறை போர்ட்டல் சிரைக்குள் அதிகமாக நீண்டால் கல்லீரலுக்குப் போகும் கிளைகளின் வாயை அடைத்துவிடும். உறை வாயிலுக்கு எட்டாமல் உள்ளேயே நின்றுவிட்டால், கல்லீரல் சதைக்குள் ஒரு துண்டு வெற்று வலையாக நிற்கும். பித்தநீர்க் கசிவுப் பிரச்சினை பழையபடி திரும்பும். வலைப்பகுதி போர்ட்டல் சிரையின் தண்டுக்குள் ஆழமாகப் போனால், மாற்று அறுவையில் அந்தச் சிரையைத் தைத்து இணைப்பது கடினமாகும்.

அகலம்: 8 மி.மீ.-ஆ, 10 மி.மீ.-ஆ?

குழாய்க்குள் சீராகப் போகும் ஓட்டம், ஆரத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும் என்பது இயற்பியல். 10 மி.மீ. குழாயை 8 ஆக்கினால், மற்றவை மாறாதவரை, ஓட்டம் 41 சதவீதமாகச் சுருங்கும் என்கிறது ஏட்டுக் கணக்கு. உடலுக்குள் மற்றவை மாறாமல் இருப்பதில்லை. ஆனாலும் 2 மி.மீ. என்பது சின்ன விஷயமில்லை என்று புரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும்.

சான்றுகள் ஒரே திசையில் இல்லை. 2010-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது, 8 மி.மீ. குழுவில் அழுத்தம் போதிய அளவு இறங்காமல் சிக்கல்கள் தொடர்ந்தன. 2017-இல் சீனாவில் ரத்தக்கசிவு நோயாளிகள் 127 பேரிடம் நடந்த ஆய்வில், 2 ஆண்டில் ஷண்ட் செயல்பாடு இரு அளவுகளிலும் ஒத்திருந்தது. மூளைக் குழப்பம் 8 மி.மீ. குழுவில் 27 சதவீதம், 10 மி.மீ. குழுவில் 43 சதவீதம். முரண்போலத் தெரிந்தாலும், நோயாளிகள் யார் என்று பார்த்தால் ஓரளவு பொருந்திவரும்: கசிவை நிறுத்த 12-க்குக் கீழே இறக்கினால் பெரும்பாலும் போதும், மகோதரம் அவ்வளவு எளிதில் இறங்கிவராது.

இடையில் ஒரு தந்திரம் இருந்தது. 10 மி.மீ. ஸ்டென்ட்டை வைத்து, பலூனால் 8 வரை மட்டும் விரித்து விட்டுவிடுவது. போதாவிட்டால் பிறகு விரித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். தானே விரியும் உலோகம் சும்மா இருக்கவில்லை. நாளடைவில் அது தன் முழு அளவை நோக்கி விரிந்துவிட்டதைப் பிந்தைய ஸ்கேன்கள் காட்டின. பிறகு வந்த புதிய வகை, விரித்த அளவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. தேவைப்பட்டால் 8-லிருந்து 10 வரை படிப்படியாக விரிக்கலாம்.

'திறந்திருக்கிறது' என்பதும் 'வேலை செய்கிறது' என்பதும்

தொடக்கத்தில் பார்த்த முதல் குழப்பத்துக்கு விடை இங்கே. ஸ்கேன் பார்ப்பது ஓட்டத்தை. நோயைத் தீர்மானிப்பது அழுத்தம். பாதி குறுகிய ஷண்ட்டிலும் ரத்தம் ஓடும். அழுத்த வேறுபாடு மட்டும் 12-ஐத் தாண்டியிருக்கும்.

ரத்த ஓட்டத்தை ஒலியலையால் அளக்கும் டாப்ளர் ஸ்கேனின் அறிக்கையைப் படிக்கச் சில குறிப்புகள்:

1. உறையிட்ட ஸ்டென்ட் வைத்த முதல் சில நாட்கள் ஸ்கேன் நம்பத்தக்கதல்ல. படலத்துக்குள் சிக்கிய நுண்காற்று ஒலியலையை மறைத்து, அடைத்தது போலக் காட்டும்.
2. ஷண்ட்டுக்குள் வேகம் பொதுவாக வினாடிக்கு 90 முதல் 190 செ.மீ. அதற்குக் கீழே போனாலும் சந்தேகம், மேலே போனாலும் சந்தேகம். குறுகிய இடத்தில் ரத்தம் சீறிப் பாயும். அதற்கு முன்னும் பின்னும் மந்தமாகும்.
3. தனி எண்ணைவிட மாற்றம் முக்கியம். முந்தைய ஸ்கேனிலிருந்து 50 செ.மீ. அளவுக்கு ஏறியோ இறங்கியோ இருந்தால் விசாரிக்க வேண்டும். முதல் சில வாரங்களில் எடுக்கும் அடிப்படை ஸ்கேன் இதற்காகத்தான்.
4. ஷண்ட் நன்றாக இயங்கும்போது கல்லீரலுக்குள் இருக்கும் போர்ட்டல் கிளைகளில் ரத்தம் ஷண்ட்டை நோக்கித் திரும்பி ஓடுவது வழக்கம். அது மீண்டும் கல்லீரலை நோக்கி ஓடத் தொடங்கினால், ஷண்ட் இழுப்பது குறைந்துவிட்டது என்று பொருள்.

அடிப்படை ஸ்கேனுக்குப்பின் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது பரவலான முறை. ஸ்கேன் நன்றாக இருந்தும் நீர் கோத்தாலோ ரத்தம் கசிந்தாலோ, அறிகுறியைத்தான் நம்ப வேண்டும். கேதீட்டர் செலுத்தி அழுத்தத்தை நேரே அளப்பதே முடிவான சோதனை.

குறுகியது உறுதியானால் அதே அமர்வில் சரிசெய்யலாம். பலூன் மட்டும் விரித்தால் பலன் தற்காலிகம்தான், ஏனென்றால் திசு மறுபடி வளரும். வெளியேறும் முனையில் குறுக்கம் இருந்தால் அங்கே இன்னோர் உறையிட்ட ஸ்டென்ட்டைச் செருகி, சந்திப்பு வரை நீட்டிவிடுகிறார்கள். முதல்நாள் விட்ட அந்த ஒன்றிரண்டு செ.மீ.தான் இப்போது மூடப்படுகிறது.

அளவுக்கு மீறி இயங்கினால்

இரண்டாவது குழப்பத்துக்கும் விடை சொல்ல வேண்டும். ஆள் குழம்பிப்போவது ஸ்டென்ட் கெட்டதால் அல்ல. தன் வேலையை அது மிகையாகச் செய்வதால். பாவ்லோவின் நாய்களுக்கு நேர்ந்ததுதான் இதுவும். குடல் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் ரிஃபாக்சிமின் மருந்தை ஷண்ட் வைப்பதற்கு 2 வாரம் முன்பே தொடங்கிப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2021-இல் வெளியானது. குழப்பம் மருந்து பெற்றவர்களில் 34 சதவீதம், பெறாதவர்களில் 53 சதவீதம். வயது முதிர்ந்தவர்களிலும், முன்பே குழப்பம் வந்தவர்களிலும், கல்லீரல் மிகவும் நலிந்தவர்களிலும் அபாயம் கூடுதல்.

மருந்துக்கு அடங்காதபோது ஷண்ட்டை வேண்டுமென்றே குறுக்குகிறார்கள்: உள்ளே இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவில் இன்னொரு ஸ்டென்ட் வைத்தோ, பக்கவாட்டில் ஒரு ஸ்டென்ட்டைச் செருகி உறையிட்ட குழாயை அமுக்கியோ. குறுக்கினால் அழுத்தம் திரும்ப ஏறும்; பழைய ரத்தக்கசிவும் திரும்பலாம். முதலில் சிறிய அளவில் தொடங்குவதை இப்போது பலர் விரும்புவது இதனால்தான். அகலப்படுத்துவது எளிது, ஒடுக்குவது கடினம்.

கோப்பில் இருக்க வேண்டியவை

பிற்காலத்தில் ஷண்ட்டைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: ஸ்டென்ட்டின் வகையும் நீளமும், எத்தனை மி.மீ. வரை விரிக்கப்பட்டது, வைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்த அழுத்த வேறுபாடு, இரு நுனிகளும் முடியும் இடங்கள். நாலாவதுதான் அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபடுகிறது. கடைசியாக எடுத்த எக்ஸ்ரே படத்தின் பிரதி கையில் இருந்தால், அதைச் சொற்களில் எழுதாமல் விட்டிருந்தாலும் படம் காட்டிவிடும்.